தாய்க்கு வந்த கல் மகளுக்கும் வருமா?

ஆரணியில் நான் குடியிருக்கும் தெருவில் பெரும்பாலும் பட்டுத்தறி வீடுகள். சென்ற மாதம் அடுத்த வீட்டு நெசவாளப் பெண்மணி கேட்டார்: "எங்க அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப அக்காவுக்கும் இருக்குதாம். எனக்கும் என் பொண்ணுக்கும் வருமா சார்?"

நான் பௌதிக ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் இக்கேள்வியில் பாதி பௌதிகம்தான்.

கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு ஆறவிட்டால் நூலைச் சுற்றிக் கற்கண்டு பிடிக்கும். சூட்டில் கரைந்திருந்த சர்க்கரை, ஆறியதும் கரைசலில் இடமின்றிப் படிகமாக வெளியேறுகிறது. பித்தப்பையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. பித்தநீரிலுள்ள உப்புகளும் லெசித்தினும் அதைச் சுமந்து நிற்கின்றன. சுமக்கக்கூடிய அளவை மிஞ்சினால் அது படிகமாகிறது. அங்கே சூடு குறைவதில்லை. கொலஸ்ட்ரால் மிகுவதே காரணம். பித்தப்பையின் சளி, நூலைப் போலப் பிடிப்புத் தருகிறது.

இது குடும்பத்தில் வருமா? 1995இல் வெளியான டெல்லி ஆய்வொன்றில் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 15.5 பேருக்குக் கல் இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 3.6 பேருக்கே இருந்தது.

ஆனால் தாயும் மகளும் பகிர்வது இரத்தத்தை மட்டுமா? ஒரே அடுப்பு, ஒரே குழம்பு அல்லவா? இரண்டையும் பிரித்தறிய இரட்டையர் உதவினர். ஒரு கரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. இரு கரு இரட்டையருக்குப் பாதியளவே பொது. முன்னவரில் இருவருக்கும் கல் இருப்பது எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு மரபின் பங்கும் மிகுதி. சுவீடனில் 43,141 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கணக்குப்படி மரபின் பங்கு 25 சதவீதம், பகிர்ந்த சூழலின் பங்கு 13, அவரவர் தனிச்சூழலின் பங்கு 62. மரபு உண்டு; ஆனால் அது தலைவிதி அன்று.

அம்மரபு எவ்வாறு வேலை செய்கிறது? கல்லீரல் அணுக்களில் கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் இறைக்கும் ஒரு பம்பு உண்டு. அதன் ஒரு பகுதியை அமைக்கும் ஏபிசிஜி8 என்ற மரபணுவின் ஒரு மாற்றுவடிவம், கல் தோன்றும் வாய்ப்பை உயர்த்துவதாக 2007இல் கண்டறிந்தனர்.

நம் தென்னாட்டில் மற்றொரு வகையையும் மறக்கலாகாது. இங்கு நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. இரத்தச் சிவப்பணுக்கள் மிகையாகச் சிதைந்தால் பிலிருபின் என்னும் நிறமி பெருகிக் கறுப்புக் கல்லாகலாம். அரிவாள் அணுச் சோகை போன்ற பரம்பரை நோய்கள் இதற்குக் காரணமாகின்றன. அவ்வணுவுக்கான மரபு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952இலேயே தெரியவந்தது. இளம் வயதில் கல்லும் சோகையும் சேர்ந்து வந்தால் குடும்பத்தையே சோதிப்பது நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? உடல் எடை மிகாமல் பாருங்கள். மிகுந்த எடையைப் பட்டினியால் விரைவில் குறைக்காதீர்கள், அதுவும் கல்லைத் தோற்றுவிக்கும். வேளைக்கு உண்ணுங்கள்; உணவு சென்றால்தான் பித்தப்பை சுருங்கித் தன் நீரை வெளியேற்றும். கல் இருந்தும் தொல்லையில்லாதவர்களே பெரும்பாலோர். அவர்களுக்குப் பொதுவாக அறுவை தேவைப்படுவதில்லை. ஆனால் வலப்பக்க மேல்வயிற்றில் வலி வந்து முதுகுக்கோ வலத்தோளுக்கோ பரவினால் ஸ்கேன் எடுங்கள். அது எக்ஸ்ரே அன்று; கேளா ஒலி கல்லில் பட்டு எதிரொலித்துத் திரும்புவதே. காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பின்னரே அப்பெண்மணி, சாப்பிட்ட பிறகு தமக்கும் அவ்வலி வருவதாகவும், வாய்வென்று எண்ணி ஆறு மாதமாகக் கஷாயம் குடிப்பதாகவும் சொன்னார். "தறியில பாவு ஏத்தியாச்சு சார், சேலை முடியட்டும், போறேன்" என்றார். "பாவு காத்திருக்கும் அம்மா, பித்தப்பை காத்திராது" என்றேன். மறுநாளே மகளுடன் வேலூருக்குப் பஸ் ஏறினார்.