உடற்பயிற்சியில் அளவும் சமநிலையும்

வட இந்தியச் சிறு நகரங்களின் மைதானங்களில் கிழக்கு வெளுக்கும் முன்னரே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். மைதானம் இல்லாத ஊர்களில் நெடுஞ்சாலையின் ஓரமே ஓடுகளம். தரைப்படை, துணைப்படைகள், மாநிலக் காவல்துறை ஆகியவற்றின் ஆள்சேர்ப்பை எதிர்நோக்கி, பயிற்றுநர் எவருமின்றி, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்று ஓடுபவர்களே இவர்களுள் பெரும்பாலோர். தேர்வு என்று நடைபெறும் என்பது பல வேளைகளில் இவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. நாள் குறிக்கப்பட்ட பின்னர் எஞ்சுவது சில வாரங்களே. ஓராண்டில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டிய உடல்திறனை அச்சில வாரங்களில் ஈட்டிவிட முற்படுகின்றனர்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் பணிக்கான உடல்தகுதித் தேர்வு நடைபெற்றது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. பலர் மயங்கி விழுந்தனர். பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் தேர்வு சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு மரணத்திற்கும் உரிய காரணத்தைக் கூற வேண்டியவர்கள் மருத்துவர்கள். ஆயினும் ஒன்றைப் பொதுவாகக் கூறலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது முறையாகப் பழகிய ஓட்டக்காரருக்குக் கடுமையான வேகமன்று. பழகாத உடலுக்கு, மழைக்காலப் புழுக்கத்தில், அதுவே பேராபத்தாக முடியலாம். வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கே ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவைப்படுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருக்கையில் வியர்வை ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை என்பதே இதில் முதலில் அறிய வேண்டிய உண்மை. முறையாக ஓடத் தொடங்கியவருக்குச் சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைகிறது; இதயம் ஒரு துடிப்பில் செலுத்தும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகள் வலுவடையச் சில மாதங்கள் ஆகின்றன. தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் இன்னும் மெதுவானவை. பளுவுக்கு உள்ளான எலும்பில் முதலில் பழைய பகுதி கரைக்கப்படுகிறது. இது ஏறக்குறைய மூன்று வாரப் பணி. புதிய எலும்பு உருவாகி நிரம்பச் சுமார் மூன்று மாதங்கள் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னிருந்ததைவிட வலுவிழந்தே இருக்கிறது. அதே வேளையில் இதயமும் நுரையீரலும் மேலும் ஓட இடங்கொடுக்கின்றன. இளைஞர் தாம் முன்னேறிவிட்டதாக எண்ணித் தொலைவை இரட்டிப்பாக்குகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி தொடங்குகிறது. மின் உற்பத்தியைப் பெருக்காமல் ஆலைகளை மட்டும் பெருக்கிய பொருளாதாரத்துக்கு நேரும் கதி போன்றதே இதுவும்.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1855ஆம் ஆண்டிலேயே பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிநடைக்குப் பின் படைவீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் தோன்றுவதை எழுதிவைத்தார். எக்ஸ் கதிர்கள் 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அதற்குக் காரணம் பாத எலும்பில் ஏற்பட்ட நுண்ணிய முறிவு என்பது புலனாயிற்று. வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தொலைவைக் கூட்டலாகாது என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. இவ்விதி ஆய்வுகளால் உறுதியாக நிறுவப்பட்டதென்று கூறுவதற்கில்லை. எனினும் பொறுமையற்றவர்களுக்கு அது ஒரு கடிவாளம்.

தரைப்படையின் உடல்தகுதித் தேர்வையே சற்று உற்று நோக்கினால் சமநிலை என்பதன் பொருள் விளங்கும். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் தொங்கி உடலை மேலே உயர்த்துதல், 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுதல், வளைந்து வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மேல் விழாமல் நடத்தல் என நான்கு பகுதிகள் அதில் உள்ளன. முதலாவது மூச்சுத்திறனையும், இரண்டாவது கை, முதுகுத் தசைகளின் வலுவையும், மூன்றாவது வெடிப்பாற்றலையும், நான்காவது உடல் நிலைப்பையும் சோதிக்கின்றன. நாள்தோறும் ஓட்டம் ஒன்றையே பயிலும் இளைஞர் நான்கில் ஒன்றுக்கே ஆயத்தமாகிறார். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் தண்டால், பஸ்கி, கம்பிப் பயிற்சி, ஒரு நாள் மெல்லிய நடையும் மூட்டுகளை நெகிழ்விக்கும் பயிற்சியும், ஒரு நாள் முழு ஓய்வு என்று பகுத்துக்கொள்வது அவருக்குப் பொருந்தும். மூன்று நாள் ஓட்டத்திலும் ஒரு நாள் மட்டுமே வேகம் போதும். ஏனைய இரு நாள்களும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில் இருக்கலாம்.

ஓய்வு நாள் வீண் நாள் என்னும் எண்ணம் நம் இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. கடும் பயிற்சியில் தீர்ந்துபோன தசைச் சர்க்கரை மீண்டும் நிரம்ப, போதிய உணவு உண்டாலும், ஒரு நாள் அளவாவது ஆகும். உடல் செப்பனிடப்படுவது பயிற்சியின்போதன்று, அதன் பின்னரே. அகாடாக்களில் பயின்ற மல்லர்கள் நூற்றுக்கணக்கில் தண்டால் எடுத்தது உண்மை. ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள்; பாலும் நெய்யும் பாதாமும் உண்டு பகலில் உறங்கியவர்கள். அவர்களுடைய எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, உணவையும் உறக்கத்தையும் விட்டுவிடுவது தவறான கணக்கு. பழக்கமின்றி ஒரே நாளில் பல நூறு பஸ்கி போட்டவர்களின் தசைநார்கள் சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் பழுதுற்ற நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன.

மைதானத்தில் மிகை என்றால், அலுவலகத்தில் குறை. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2000ஆம் ஆண்டில் இந்திய வயதுவந்தோரில் சுமார் 22 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பின்றி இருந்தனர். 2022இல் இது 49 விழுக்காட்டைத் தாண்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது.

நாற்காலியின் தீமையை முதன்முதலில் எண்களில் காட்டியது 1953இல் வெளியான ஜெரி மாரிஸ் குழுவினரின் ஆய்வு. இலண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று தனியே எதையும் செய்யவில்லை. தங்கள் வேலையையே செய்தனர்.

உலக சுகாதார அமைப்பு 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தையோ 75 முதல் 150 நிமிடக் கடும் இயக்கத்தையோ பரிந்துரைக்கின்றன. இத்துடன் வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு இருந்தால் அது மிதமான இயக்கம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்றிருந்த பழைய நிபந்தனை கைவிடப்பட்டுள்ளது. மின்தூக்கியை விடுத்துப் படியேறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். பொருளாதார மாணவர்கள் நன்கறிந்த குறைந்துசெல் விளைவு விதி இங்கும் செல்லும்: ஒன்றுமே செய்யாதவர் முதலில் சேர்க்கும் அரை மணி நேரம் தரும் நன்மை, ஏற்கெனவே ஐந்து மணி நேரம் செய்பவர் கூட்டும் அரை மணி நேரத்தைவிட மிகப் பெரிது.

அலுவலர்களிடம் காணப்படும் மற்றொரு குறை நடையோடு நிறுத்திக்கொள்வது. நடை இதயத்துக்கு நல்லது; ஆனால் முப்பது வயதுக்குப் பின்னர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறையும் தசையை அது மட்டும் காப்பாற்றாது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுப்பதும் செலவில்லாத தொடக்கம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு, விழுவதைத் தவிர்க்கும் பொருட்டு, உடல் நிலைப்புப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் தேவை.

செங்கல் சுமப்பவருக்கோ நாற்று நடுபவருக்கோ இந்த அறிவுரைகளை அப்படியே கூறுவது பொருந்தாது. நாள் முழுதும் குனிந்த முதுகுக்கு வேண்டுவது மேலும் உழைப்பன்று. எதிர்த்திசையில் நிமிர்த்தும் சில நிமிடங்களும் போதிய உறக்கமுமே. பெண்களின் நிலை வேறு. மேற்குறித்த மதிப்பீட்டில் ஆண்களில் 42 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் உடலுழைப்பு போதவில்லை. இதைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டதாகத் தெரிகிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் எவரும் முன்வராதவரை, காலை நடை என்பது பெருவாரியான பெண்களுக்கு ஏட்டுச் சுரைக்காயே.

அரசின் முயற்சிகள் இத்துறையில் நெடுங்காலமாகவே உள்ளன. 1954இல் தேசிய ஒழுங்குமுறைத் திட்டம் தொடங்கியது. 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பட்டது. 1959-60இல் தேசிய உடல்திறன் இயக்கம் வந்தது. 2019இல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கத்தின் கீழ் 5 முதல் 18, 18 முதல் 65, 65க்கு மேல் என மூன்று வயதுப் பிரிவினருக்கும் தனித்தனி நெறிமுறைகள் 2020இல் வெளியிடப்பட்டன. இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடியலுக்கு முன் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடும் இளைஞரின் கைப்பேசிக்கு அவற்றின் சுருக்கத்தைத் தாய்மொழியில் கொண்டுசேர்ப்பது கடினமன்று. தேர்வு வாரியங்கள் ஓட்டத் தொலைவையும் நாளையும் ஆறு மாதங்களுக்கு முன்னரே அறிவிப்பதற்கும், அந்நாளைப் புழுக்கம் நீங்கிய நவம்பருக்கோ டிசம்பருக்கோ தள்ளிவைப்பதற்கும் வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு தேவைப்படாது.