எப்படி இயங்குகிறது? பழைய காரின் கார்புரேட்டர் ஜெட்

கேஸ் அடுப்பின் பர்னரைக் கழற்றிப் பார்த்தால், குழாய் முனையில் பித்தளை ஜெட் ஒன்று தெரியும். நடுவே மெல்லிய துளை. அதிலிருந்து சீறும் கேஸ் பக்கத்துத் துவாரம் வழியே காற்றை இழுத்துக்கொண்டு போய், இரண்டும் கலந்து எரிகின்றன. கலவை சரியென்றால் சுடர் நீலம். கேஸ் மிகுந்தால் மஞ்சள். பாத்திரத்தின் அடி கரிபிடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். காற்று மிகுந்தால் சுடர் பர்னரை விட்டு எழும்பித் துடிக்கும். பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களின் சோலக்ஸ் கார்புரேட்டரிலும் இதே வேலைதான் நடக்கிறது.

யார் யாரை இழுக்கிறார்கள்?

அடுப்பில் கேஸ் காற்றை இழுக்கிறது. காரில் காற்று பெட்ரோலை இழுக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே விரைகிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக அந்தக் கழுத்துக்கு ஏறித் தூறலாகத் தெறிக்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கட்டுவதுபோல், ஃப்ளோட் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுகிறது. மட்டம் ஏறினால் எந்த ஜெட் போட்டாலும் பெட்ரோல் வீண்தான்.

எவ்வளவுக்கு எவ்வளவு?

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மேட்டில் முழு இழுவை வேண்டுமானால் காற்று 12.5 முதல் 13 கிலோ வரை போதும். சமவெளியில் சீராக ஓட்டி மைலேஜ் எடுக்க 15.5 முதல் 16 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கலவை மெதுவாக எரியும், இஞ்சின் திணறும், எக்ஸாஸ்ட் வால்வு சூடேறிக் கருகும். திணறுகிற வண்டியை ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பார். மிச்சம் பிடிக்க நினைத்த பெட்ரோல் அங்கே போய்விடும்.

சோலக்ஸ் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மி.மீ. அதை 115 ஆக மாற்றினால் விட்டம் 4 சதவீதம்தான் குறைகிறது. துளையின் பரப்போ 8 சதவீதம் குறைகிறது. அடைத்த அடுப்பு ஜெட்டை ஊசியால் குத்தித் துளை சற்றே அகன்றாலும் சுடர் மஞ்சளாவது இதனால்தான். கார்புரேட்டர் ஜெட்டிலும் கம்பியை விடவே கூடாது. கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும்.

எந்த ஜெட்?

அடுப்பில் சிறிய பர்னருக்கும் பெரிய பர்னருக்கும் தனித்தனி ஜெட். காரிலும் அப்படியே. ஐடிலிங்கிலும் நகர நெரிசலில் மெல்ல ஊர்கையிலும் ஐடில் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவுமே பெட்ரோல் தருகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில்தான் மெயின் ஜெட் பொறுப்பேற்கிறது. நகரத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டைச் சிறிதாக்குவதால் பெரிய பலன் இல்லை.

இன்றைய பெட்ரோல்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே கலவையில் காற்று மிகுந்துவிடுகிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் வெப்பமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்கியதைப் பார்த்து ஜெட்டை இன்னும் சிறிதாக்கினால் வால்வுக்குத்தான் ஆபத்து. சில வண்டிகளுக்கு ஒரு படி பெரிய ஜெட்டே தேவைப்படும்.

வரிசையாகச் செய்யுங்கள்

முதலில் ஏர் ஃபில்டர், சோக் முழுதாகத் திறக்கிறதா, இக்னிஷன் டைமிங், ஃப்ளோட் மட்டம், டயர் காற்று. பிறகு இஞ்சின் நன்றாகச் சூடானதும் மிக்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, அதிர்வில்லாமல் வேகமாக ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் வேகத்தைக் குறைத்து வையுங்கள். மெயின் ஜெட் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். சீரான வேகத்தில் ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் காற்று அதிகம். வெளிர் பழுப்புதான் நமக்கு வேண்டியது. டேங்க்கை நிரப்பி, வழக்கமான பாதையில் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கு ஏறி, பிளக்கும் பழுப்பாக இருந்தால் மட்டுமே புது ஜெட்டை விட்டுவையுங்கள். இல்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டுங்கள். கழற்றிய ஜெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.