தொலைந்துபோன 11 அடி

பந்தைப் பிடித்தார், விழுந்தார், எழுந்தார். எழுந்த உற்சாகத்தில் பந்தைத் தரையில் போட்டார். எதிரணிக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். நடுவர்களும் தடுக்கவில்லை. பந்து கைமாறிவிட்டது.

ப்ளாக்ஸிகோ பர்ரஸுக்கு என்.எஃப்.எல்.லில் அது முதல் சீசன். வருடம் 2000. அந்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து எடுக்கப்பட்ட வீரர்களின் வரிசையில் எட்டாவதாக வந்தவர். ஆறடி ஐந்தங்குல உயரம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக ஜாக்சன்வில் அணியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தார். பந்தோடு விழுந்த அவரை எதிரணியில் ஒருவரும் தொடவில்லை. கல்லூரி ஆட்டமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. பந்தை வைத்திருப்பவரின் முட்டி தரையில் பட்டால் அந்த முயற்சி அதோடு முடிந்தது. தொழில்முறை ஆட்டத்தில் எதிராளியின் கை மேலே பட்டாக வேண்டும். படாதவரை விழுந்தவர் எழுந்து ஓடலாம், பந்தும் உயிரோடுதான் இருக்கும். பர்ரஸுக்கு இந்த விதி தெரியாமல் இருந்திருக்காது. மூளைக்குத் தெரிந்தது முட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்வது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். கையில் ஏந்தி ஓடுகிற, தலைக்கவசம் மாட்டி முட்டிக்கொள்கிற அமெரிக்கக் கால்பந்து. ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு, வீடு தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்படியோ தொற்றிக்கொண்டது. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் அது பதினொன்றரை ஆகிவிடும். மறுநாள் அலுவலகத்தில் என் கண்ணைப் பார்த்தே சீசன் தொடங்கிவிட்டதைக் கண்டுபிடிப்பார்கள்.

கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த ஒருவர் தொழில்முறை ஆட்டத்தில் ஏன் தடுமாறுகிறார்? வழக்கமான பதில், ஆட்டத்தின் வேகம். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. முதல்நிலைக் கல்லூரி அணிகளே 130க்கு மேல் இருக்கின்றன. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அணிகள் 32தான். அங்கங்கே ஊருக்கு ஒருவராக இருந்த சூரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து குவிகிறார்கள். கல்லூரியில் பெரிய அணிக்கு நடுவே சில வாரம் நோஞ்சான் அணி ஒன்று கிடைக்கும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். இங்கே அந்த வாரமே வராது. ஆனால் வேகத்தை உடம்பு சில மாதங்களில் பழகிக்கொள்ளும் என்றுதான் பல வருடமாகப் பார்த்ததில் எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடமாக உடம்பில் ஊறிய சின்னச் சின்னப் பழக்கங்களை உதறுவதுதான் பெரும்பாடு.

மைதானத்தின் கோடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் இரண்டிலும் ஒன்றுதான், 160 அடி. நடுவில் நீளவாக்கில் இரண்டு வரிசையாகச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார்கள். ‘ஹாஷ்’ என்று பெயர். முந்தைய முயற்சி மைதானத்தின் ஓரத்தில் முடிந்தால், அடுத்த முயற்சிக்குப் பந்தை அந்தப் பக்கத்து ஹாஷ் கோட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். கல்லூரி மைதானத்தில் இந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம், கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அதே அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அந்த 100 அடி வெட்டவெளிதான் கல்லூரிப் பயிற்சியாளர்களின் கைமுதல். வேகமான பையன்களை அங்கே பரப்பி நிறுத்தி, தடுப்பவர்களை ஓடவிட்டே களைப்பாக்கிவிடுவார்கள். தடுப்பவர்களும் அந்த அகலப் பக்கத்துக்குத் தக்கபடி நின்றாக வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்தே அவர்கள் திட்டத்தைப் பாதி படித்துவிடலாம். என்.எஃப்.எல்.லில் அதே இடது ஹாஷிலிருந்து வலப்பக்கம் 89 அடிதான். ஏறத்தாழ 11 அடி காணாமல் போய்விட்டது. பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவிலேயே இருப்பதால் தடுப்பவர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்று, பந்து கிளம்பும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க முடிகிறது. வீசும் பந்தைப் பிடிப்பவருக்கு ரிசீவர் என்று பெயர். கல்லூரியில் பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற ரிசீவர் இங்கே முழங்கை அகலத்துக்குத்தான் தனியாக இருக்கிறார்.

அந்த ரிசீவருக்கும் ஒரு தலைவலி உண்டு. எல்லைக்கோட்டை ஒட்டிப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு பாதம் உள்ளே பட்டால் போதும். இங்கே இரண்டும் பட வேண்டும். முதல் வருடத்துக்காரர் அபாரமாகத் தாவிப் பிடித்துவிட்டு, ஒற்றைக்கால் கணக்கில் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அடுத்தது பாஷை. கல்லூரியில் பல அணிகள் வேகத்துக்காக, கூடிப் பேசுவதையே விட்டுவிட்டன. ஓரத்தில் நிற்பவர் கையசைப்பார், படம் ஒட்டிய பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் தம் இடத்துக்கு ஓடுவார்கள். தொழில்முறையில் 1994 முதலே, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ரேடியோ இருக்கிறது. கவசத்தின் பின்புறம் பச்சைப்பொட்டு இருந்தால் உள்ளே பயிற்சியாளரின் குரல் கேட்கிறது என்று அர்த்தம். முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்துக்கு அது வந்ததே 2024இல்தான்.

இரண்டு முயற்சிகளுக்கு நடுவே 40 நொடி. எங்கே நிற்பது, யார் இடம் மாறுவது, எந்தப் பக்கம் காவல், எந்த ரிசீவர் எப்படி ஓடுவது, எதிரணி வேறு மாதிரி நின்றால் மாற்றுத்திட்டம் என்ன என்று எல்லாம் ஒரே மூச்சில் காதில் வந்து விழும். குவாட்டர்பேக் அதைச் சொல் பிசகாமல் மற்ற பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ தானாகவே நின்றுவிடும். அதற்குப் பிறகு காதில் ரசிகர்களின் இரைச்சல் மட்டும்தான். எதிரே நிற்பவர்களைப் பார்த்து என்ன செய்வது என்பதை அந்த 21 வயதுப் பையன் தானாகத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

2011இல் கேம் நியூட்டன் ஆபர்ன் பல்கலைக்கழகத்தை சாம்பியன் ஆக்கிவிட்டு வந்திருந்தார். பயிற்சியாளராக இருந்த ஜான் க்ரூடன் அப்போது தொலைக்காட்சியில் இளம் குவாட்டர்பேக்குகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தார். நீளமான அழைப்பு ஒன்றைச் சொல், உங்கள் அணியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். நியூட்டனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. தங்கள் அணியில் ஓர் எண்ணைச் சொன்னாலே போதும் என்றார். மறுநாள் முதல் ஏச்சுத்தான், இவர் எங்கே தேறப்போகிறார் என்று. கரோலினா பாந்தர்ஸ் அணி முதல் ஆளாக அவரையே எடுத்தது. கல்லூரியில் அவருக்குக் கைவந்திருந்த ஆட்டங்களைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. முதல் ஆட்டத்தில் 422 யார்டு வீசினார் நியூட்டன். அந்த சீசன் முழுக்க 4,051 யார்டு. பையனை மட்டும் மாறச் சொல்லாமல் அணியும் இரண்டடி இறங்கிவந்தது என்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாட்ரிக் மஹோம்ஸ் விஷயத்தில் நடந்தது நேரெதிர். டெக்சாஸ் டெக்கில் அவர் ஆடியது பந்தை வீசித் தள்ளும் ‘ஏர் ரெய்டு’ பாணி. அந்தப் பள்ளியிலிருந்து வருபவர்கள் தொழில்முறைக்கு உதவ மாட்டார்கள் என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. 2017இல் கன்சாஸ் சிட்டி அவரைப் பத்தாவதாக எடுத்து, எடுத்த கையோடு உட்காரவைத்துவிட்டது. வருடம் முழுக்க மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித் ஆட, மஹோம்ஸ் பக்கத்தில் இருந்து பார்த்தார். டிசம்பர் 31இல், அணியின் இடம் உறுதியான பிறகு, ஒரே ஓர் ஆட்டம் கொடுத்தார்கள். மறுவருடம் 50 டச் டவுன் வீசி, லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கிக்கொண்டு போனார். எல்லோரையும் ஒரு வருடம் உட்காரவைத்தால் மஹோம்ஸ் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் திண்ணை கிடைத்தது, பலருக்குக் கிடைப்பதில்லை.

கிடைக்காததற்குக் காசும் ஒரு காரணம். 2010இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அடுத்த வருடமே புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அதே முதலிடத்தில் வந்த நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன்தான். இதனால் நல்ல குவாட்டர்பேக் மலிவாகக் கிடைப்பது அந்த முதல் நான்கு வருடம் மட்டுமே என்று ஆகிவிட்டது. அதில் ஒரு வருடத்தைத் திண்ணையில் செலவழிக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

பிரைஸ் யங் இந்த அவசரத்தில் மாட்டியவர். அலபாமாவில் 2021இன் சிறந்த கல்லூரி வீரர். 2023இல் முதல் ஆளாக கரோலினாவுக்கு வந்தார். நியூட்டனுக்கு வளைந்துகொடுத்த அதே அணிதான். ஆனால் அந்த வருடம் 17 ஆட்டத்தில் 2 வெற்றி. சீசன் முடியுமுன்பே தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் புதுப் பயிற்சியாளர் வந்து, இரண்டே ஆட்டத்தில் யங்கை வெளியே உட்காரவைத்தார். தோல்வியடைந்தவர் என்று முத்திரையும் குத்தியாயிற்று. அக்டோபரில் அவர் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த மூத்தவர் ஆண்டி டால்ட்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட, வேறு வழியில்லாமல் யங்கைத் திரும்ப இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஆடிய யங் வேறு ஆளாகத் தெரிந்தார். அந்த ஐந்து வாரம் ஓரத்தில் நின்று பார்த்தது உதவியதா, இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற நினைப்பு உதவியதா, அவருக்குத்தான் வெளிச்சம்.

முதல் இடம், பத்தாம் இடம் என்று வருபவர்களின் கதை இப்படி. கடைசிச் சுற்றில் வருபவர், சுற்றிலேயே வராமல் வாய்ப்புக் கேட்டு வருபவர் எல்லோருக்கும் ஆகஸ்ட் மாதம்தான் பரீட்சை. முகாமில் 90 பேர் வரை வைத்திருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆக்க வேண்டும். 32 அணியையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் வேலை போகிறது. காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அலுவலக ஆள் ஒருவர் தோளில் கைவைத்து, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ப்ளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா என்பார். அந்த ஆளுக்கு வீரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘துருக்கிக்காரர்’. ஆட்டத்திட்டங்கள் அடங்கிய ப்ளேபுக் இப்போது தடிமனான கோப்பு இல்லை, டேப்லெட். ஆனாலும் அதைக் கொண்டுவரச் சொன்னால் விஷயம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பையன்கள் அவர் வருகிற பக்கமே பார்க்காமல் நடப்பார்களாம்.

53 பேரில் ஒருவராகத் தங்கிவிட்டால் புதுமுகத்துக்கு 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர். 18 வார சீசனுக்கு வகுத்தால், வாரத்துக்கு 44,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஆகஸ்டில் வெளியே போனால் அதில் ஒரு வாரக் காசுகூட இல்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்களும் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனதால், கல்லூரியை விட்டு வந்ததும் வருமானம் குறைந்துபோகிறவர்களும் இப்போது உண்டு.

பணம் வந்தாலும் பாடம் தனி. 2010இல் டல்லாஸ் அணிக்கு வந்த டெஸ் பிரையண்ட், மூத்தவரின் தோள்கவசத்தைத் தூக்கிவர மாட்டேன் என்றார். புதுசாக வருபவர் தூக்குவது அங்கே வழக்கம். கொஞ்ச நாள் கழித்து அணியினர் அவரைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். பில்லை அவர் தலையில் கட்டினார்கள்: 54,896 டாலர். கவசத்தைத் தூக்கியிருக்கலாம்.

இதில் வீரர்கள் மட்டும்தான் தடுமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்லூரியில் ஏழு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற பயிற்சியாளர் நிக் சேபன், மயாமியில் இரண்டு வருடம் இருந்து 15 வெற்றி, 17 தோல்வியோடு கல்லூரிக்கே திரும்பினார். இன்னொரு கல்லூரிப் பயிற்சியாளர் அர்பன் மேயர் ஜாக்சன்வில்லில் 13 ஆட்டம்கூடத் தாண்டவில்லை. அவர்களுக்கு வயதாகியிருந்தது, அனுபவம் இருந்தது. பையன்களைத் திட்டும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

இந்த விஷயத்தில் எப்போதும் சொல்லப்படும் ஜோடி 1998ஆம் வருடத்து ஜோடி. பெய்ட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா, முதலில் யாரை எடுப்பது என்று அப்போது நிஜமாகவே விவாதம் நடந்தது. இண்டியானாபொலிஸ் மேனிங்கை எடுத்தது, சான் டியேகோவுக்கு லீஃப். லீஃப் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக 15 முறை வீசி, ஒரே ஒரு பந்தைத்தான் தன் ஆளிடம் சேர்த்தார். அதில் கிடைத்தது 4 யார்டு. அங்கிருந்து எல்லாமே இறக்கம். காயம், கோபம், பத்திரிகையாளர்களோடு சண்டை என்று போய் 2002இல் ஆட்டத்தையே விட்டார்.

அதே 1998இல் மேனிங் எப்படி ஆடினார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. எதிரணியின் கையில் 28 முறை பந்தைக் கொடுத்தார். அணி 16 ஆட்டத்தில் 13இல் தோற்றது. ஆனாலும் அவரை யாரும் உட்காரவைக்கவில்லை. கல்லூரியில் ஆளில்லாமல் கிடந்த இடத்தில் இங்கே ஆள் வந்து நிற்கிறது என்பதை ஒவ்வொரு தப்பாகச் செய்து தெரிந்துகொள்ள விட்டார்கள். மறுவருடம் கணக்கு அப்படியே புரண்டது: 13 வெற்றி, 3 தோல்வி.

புதுமுகம் ஒருவர் ஒரு சீசனில் அதிகம் பறிகொடுத்தது என்ற சாதனை இன்றும் அந்த 28தான். யாராவது முறியடித்துத் தொலைக்கட்டும் என்று மேனிங்கே பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இப்போது சீசனில் ஓர் ஆட்டம் கூடுதல், வாய்ப்பும் கூடுதல்தான். ஆனால் 28 வரைக்கும் இந்தக் காலத்தில் யாரை விட்டுவைக்கிறார்கள்? 14, 15 ஆனதுமே தோளில் ஒரு கை விழுந்துவிடுகிறது.