தொடங்கியவை பதினொன்று

எங்கள் வீட்டு முன்னறை மேசையின் கீழ் ஒரு பழைய ஓலைப்பெட்டி இருக்கின்றது. முடிக்காத வேலைகளை அதற்குள் போட்டுவைப்பது என் வழக்கம். விளிம்பு கட்டாத கடகம், ஒரு கை மட்டும் பின்னிய குழந்தைச் சட்டை, இருபத்திரண்டாம் பக்கத்தோடு நின்றுபோன கொப்பி. கணனிக்குள் கிடக்கும் அரைகுறைகளைப் பெட்டிக்குள் போட முடியாது என்பதால் அவற்றின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிப் போட்டிருந்தேன். 2024 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கியபோது எண்ணிப் பார்த்தேன். எல்லாமாகப் பதினொன்று.

நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. 2022 இல் பாவித்த மடிக்கணனி ஒன்றை வாங்கி, பின்னேர வகுப்பொன்றில் பைதன் என்னும் கணனி மொழியைப் படித்தேன். செய்நிரல் எழுதுவதென்றால் பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். இன்னது வந்தால் இன்னதைச் செய் என்று ஒன்றும் விடாமல் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஓலை இழைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வரிசை பிடிபடும். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் அடுத்ததைச் செய்து பார்க்க மனம் ஓடும். பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் விளையாட்டைத் தொடங்கினேன். அது பாதியில் நிற்க, அம்மாவின் மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி. அதுவும் நிற்க, முன்பள்ளி வரவுப் பதிவு. தொடக்கத்தில் இருக்கும் சந்தோசம் நடுவில் இருப்பதில்லை. பிழை திருத்துகின்ற அலுப்பான இரவுகள் வரும்போதுதான் புது யோசனைகளும் வருகின்றன!

இது வெறும் பொறுமையின்மை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது வேறு காரணமும் உண்டென்று தோன்றுகின்றது. 2008 இல் வன்னியில் நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது கிணற்றுக்கட்டு பாதி, தையல் மெசினில் சட்டை பாதி. பிறகு இருந்த ஒவ்வோர் இடத்திலும் அப்படியே. எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுவிட வேண்டிவரும் என்று தெரியாதவர்கள் ஒன்றை மட்டும் நம்பிக் கைவைக்கப் பயப்படுவார்கள். பத்தைத் தொடங்கினால் ஒன்றாவது மிஞ்சும் அல்லவா? 2010 இல் ஊர் திரும்பினோம். அந்தப் பழக்கமும் எங்களோடு திரும்பி வந்துவிட்டது. இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு இது விளங்கும்.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் எங்கள் மாதர் சங்கக் கணக்கு. 2024 பங்குனியில் பொருளாளர் அக்கா கண் தெரியவில்லை என்று கொப்பியை என்னிடம் நீட்டினார். "இதையெல்லாம் கணனியில் போடலாம் அக்கா, ஒரு மாதம் தாங்கோ" என்று நான்தான் வாய் கொடுத்தேன். சந்தா வரும் பகுதியை எழுதி முடித்தேன். கடன் கொடுக்கும் பகுதியையும் எழுதினேன். கடன் திரும்ப வரும் பகுதி மட்டும் மிச்சம். வட்டி மாதம் ஒரு வீதம், அதுவும் மிஞ்சிய முதலுக்கு மட்டும் என்பதால் கொஞ்சம் சிக்கல். அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அந்தக் கிழமைதான் எழுத்து விளையாட்டுக்குப் புதுப் படங்கள் கீறத் தொடங்கினேன்.

பழைய கடன்கள் கொப்பியிலேயே நடந்தன. புதுக் கடன் எல்லாம் கணனியில் என்று முடிவெடுத்த பின் முதலில் கடன் எடுத்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், கோழி வளர்ப்பு. சித்திரையில் 20,000 ரூபா எடுத்தார். பத்து மாதத்தில், மாதம் 2,000 ரூபா முதலும் வட்டியுமாகக் கட்ட வேண்டும். அவர் கட்டக் கட்ட, பொருளாளர் அக்கா திகதியும் தொகையும் எழுதிய துண்டை என்னிடம் தந்தார். எழுதி முடித்ததும் ஏற்றுவோம் என்று அவற்றையும் ஓலைப்பெட்டிக்குள் போட்டேன். பற்றுச்சீட்டு ஒருவரும் கொடுக்கவில்லை. கணனி இருக்கின்றதே!

ஆவணிப் பொதுக்கூட்டத்துக்கு நான் ஊரில் இல்லை. கணனியில் இருந்த பட்டியலை மகள் அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த அக்காவின் பெயருக்கு நேரே 20,000 ரூபா நிலுவை, ஒரு சதமும் கட்டவில்லை என்று இருந்தது. பட்டியல் சபையில் வாசிக்கப்பட்டது. "நான் கட்டினனான்" என்று அவர் எழும்பிச் சொல்ல, பின்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். கண் தெரியாத பொருளாளர் அக்கா, எந்த மாதம் எவ்வளவு என்று சபை நடுவில் சொல்லத் தடுமாறியிருக்கிறார். கடன்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டதை எல்லாம் அனுபவித்த பெண் அவர். அதற்குப் பயந்துதான் வெளியில் வாங்காமல் எங்கள் சங்கத்தில் எடுத்திருந்தார்.

அடுத்த நாள் பெட்டியைக் கொட்டித் தேடினேன். இரண்டு துண்டுகள் குழந்தைச் சட்டை நூலுக்குள் சுற்றிக் கிடந்தன. மூன்றாவது இல்லவே இல்லை. பிறகு வங்கிப் புத்தகத்தையும் காசுப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, பொருளாளர் அக்காவும் நானும் கூட்டிப் பார்த்தோம். பட்டியலின்படி இருக்க வேண்டியதிலும் 6,540 ரூபா கூடுதலாக இருந்தது. முதல் மாதம் 2,200, இரண்டாம் மாதம் 2,180, மூன்றாம் மாதம் 2,160. கூட்டினால் அதே 6,540. அந்த அக்கா ஒரு சதம் பிசகாமல் கட்டியிருந்தார். அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று பிழை என்னுடையது என்றேன். "அதைக் கூட்டத்தில சொல்லு பிள்ளை" என்றார், கோழிக்குத் தீன் போட்டபடி. விசேட கூட்டம் கூட்டச் செய்து, எழும்பிச் சொன்னேன். கால் நடுங்கியது.

கணனி வகுப்பில் சார்ல்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயரைப் பற்றிப் படித்திருந்தேன். கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்ய அரசாங்கம் அவருக்குக் காசு கொடுத்தது. அது முடியுமுன் அதைவிடப் பெரிய இன்னோர் இயந்திரத்தில் அவர் மனம் போய்விட்டது. 17,000 பவுணுக்கு மேல் செலவான பின் 1842 இல் அரசாங்கம் கையை விட்டது. இரண்டையும் அவர் தம் காலத்தில் கட்டி முடிக்கவில்லை. பட்டு நெய்யும் தறியில் பூ வேலைப்பாட்டுக்குப் பாவித்த துளையிட்ட அட்டைகளையே அந்த இரண்டாவது இயந்திரத்துக்கும் அவர் எண்ணியிருந்தாராம். அதைப் பற்றி 1843 இல் விளக்கம் எழுதியவர் அடா லவ்லேஸ் என்னும் பெண். ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கத் தொடங்கி, மூலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு குறிப்புகளைச் சேர்த்து, அச்சேற்றியும் விட்டார். கையில் சிறு பிள்ளைகள் மூன்று பேர். 36 வயதில் காலமானவர். முன்பு இந்தக் கதையில் எனக்குப் பாபேஜையே பிடிக்கும். இப்போது அப்படி இல்லை.

கடன் திரும்பும் பகுதியை ஒன்பது இரவுகளில் எழுதி முடித்தேன். ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டது ஒன்பது இரவு வேலைதான்! கொப்பியும் கணனியும் ஒரு வருடம் சேர்ந்தே நடக்க வேண்டும், மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், பற்றுச்சீட்டு கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் எழுதிவைத்தோம். எழுத்து விளையாட்டை உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டேன். என்னைவிட நன்றாகச் செய்கிறாள், கொஞ்சம் பொறாமைதான். மருந்துச் செயலியை அழித்தேன். அம்மாவுக்கு மணிக்கூட்டின் அலாரமே போதுமாம். கடகத்தின் ஓலை காய்ந்து முறியத் தொடங்கியிருந்தது. நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றிவைத்து இழக்கம் வந்த பின் விளிம்பு கட்டினேன். கொஞ்சம் கோணல். மற்றவற்றில் சில அடுப்புக்குப் போயின, சில இன்னும் பெட்டிக்குள்தான்.

இருபத்திரண்டாம் பக்கத்தோடு நின்ற கொப்பி, 2009 இல் நாங்கள் நடந்த பாதையைப் பற்றியது. அதற்கு நான் நாள் குறிக்கவில்லை. அதைக் கேட்டு யாரும் காத்திருக்கவும் இல்லை.

2025 மாசியில் அந்த அக்கா கடைசித் தவணையைக் கட்ட வந்தார். 2,020 ரூபா. எண்ணி வைத்துவிட்டு, பற்றுச்சீட்டுப் புத்தகம் பொருளாளர் அக்கா வீட்டில் இருக்கின்றது, நாளைக்குத் தரட்டுமா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, நீ போய் எடுத்துக்கொண்டு வா. நான் இருக்கிறன்" என்று படியில் அமர்ந்துகொண்டார். நான் சைக்கிளை எடுத்தேன்.