பினியனில் எத்தனை பல்?

"மூணு மாசத்துக்கு முந்திதான்டா கிளட்ச் பிளேட் மாத்துனேன். மறுபடியும் கருகல் வாடை வருது."

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சித்தப்பா இப்படிப் புலம்பியபோது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். பற்சக்கரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனாலும் அந்த வாடைக்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

சித்தப்பாவின் வண்டி ஒரு பழைய பிக்கப். ஐந்து கியர், மேனுவல். ஒட்டன்சத்திரத்தில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு பாச்சலூர் மலைக்குப் போகும். இறங்கும்போது வாழைத்தார், சௌசௌ. தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று அந்த வருடம் பெரிய டயர் போட்டிருந்தார். முன்பு டயரின் விட்டம் சுமார் 70 செ.மீ.; புதியது 80 செ.மீ. வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது!

நண்பர்களே, கோளாறு அந்தப் பத்து செ.மீட்டரில்தான் இருந்தது. எஞ்சின் தரும் முறுக்கு விசை முதலில் கியர்பாக்ஸில் பெருகுகிறது. பிறகு பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன், பினியன் என்ற ஜோடியில் இன்னொரு முறை பெருகுகிறது. சித்தப்பா வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல். அதாவது பினியன் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயர் பெரிதானால் ஒரே சுற்றில் வண்டி அதிக தூரம் போகும்; எஞ்சினுக்கு நெம்புகோல் குட்டையான மாதிரி. 4.10-ஐ 80-ஆல் வகுத்து 70-ஆல் பெருக்கிப் பாருங்கள், 3.59 வரும். பல் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் வண்டி 3.59 ஆக்ஸில் போட்ட வண்டியாகிவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் டார்க் கன்வர்ட்டர் கொஞ்சம் ஈடுகட்டும். அது எண்ணெயில் வழுக்கிக்கொண்டே விசையையும் பெருக்கிக் கொடுக்கும். மேனுவல் வண்டியில் வழுக்குவதற்கு இருப்பது கிளட்ச் ஒன்றுதான். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அது முன்பைவிட ஏழில் ஒரு பங்கு அதிக விசையைத் தாங்க வேண்டும், அதிக நேரம் வழுக்கவும் வேண்டும். கருகாமல் என்ன செய்யும்? இறக்கத்தில் இன்னொரு ஆபத்து. இரண்டாவது கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதே அளவுக்குக் குறைந்துபோகும். மிச்சத்தை பிரேக் சுமக்கும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். எண் பெரிதானால், அதாவது 4.10 போய் 4.88 வந்தால், பட்டறையில் அதை 'லோ' என்பார்கள். மாணவர்கள் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டு வைவாவில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஆக்ஸில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1990-களில் விற்ற ஜீப் செரோகியின் 4 லிட்டர் வண்டியில் மேனுவலுக்கு 3.07 ஆக்ஸில், ஆட்டோமேட்டிக்குக்கு 3.55. மேனுவலுக்கு எதற்குச் சிறிய எண்? அதன் முதல் கியர் 3.83, ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.80-தான். பெருக்கினால் மேனுவலுக்கு 11.8, ஆட்டோமேட்டிக்குக்கு 9.9. வண்டி கிளம்பும்போது வேலை செய்வது இந்தப் பெருக்குத்தொகை. அதே ஜீப் குடும்பத்தில், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ ஜீப்புக்கு 4.88. 1945-இல் உழவுக்கும் பண்ணை வேலைக்கும் என்று வந்த சிஜே-2ஏ-வுக்கு 5.38. ஏர் இழுக்கிற வண்டிக்கு வேகம் எதற்கு?

சித்தப்பா வண்டிக்கு வருவோம். பழைய நிலைக்கு வர 4.10-ஐ 80/70-ஆல் பெருக்க வேண்டும், 4.69. அந்த எண்ணில் கடையில் செட் கிடையாது. பக்கத்தில் இருப்பவை 4.56 (41/9), 4.88 (39/8). சமவெளியிலேயே ஓடும் வண்டியென்றால் 4.56 போதும். மலைக்கு 4.88 என்று நான்தான் சொன்னேன். அது சரியாகவே இருந்தது. ஆனால் பல்லை மட்டும் எண்ணி வாங்கச் சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு.

முதலில் வேலை பார்த்த பட்டறையில் பழைய இரும்புக் கடையிலிருந்து 39 பல் கிரவுன் ஒன்றும், வேறொரு வண்டியின் 8 பல் பினியன் ஒன்றும் கொண்டுவந்து மாட்டினார்கள். கணக்கு சரி. ஆனால் கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டின் மேலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பிரித்துக் கலந்தால் பல் முழு அகலத்தில் உட்காராமல் ஓரத்தில் மட்டும் உட்காரும். முதல் நாளே 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸில் ஊளையிட்டது. "புதுசு, ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். ஐந்தாவது வாரம், உரமூட்டையோடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் 'டக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி பின்னால் உருள்கிறது. கால் பிரேக் பிடித்ததால் பிழைத்தார்கள். கிளீனர் பையன் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். பினியன் பல் போய்விட்டால் எஞ்சின் பிடிப்பு துளியும் இருக்காது. கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் வகையாக இருந்தால் அதுவும் அந்த நேரத்தில் உதவாது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

இரண்டாவது முறை வேலை பார்த்தவர் திண்டுக்கல்லில் ஒரு பெரியவர். லீவு போட்டுவிட்டு நான் கூடவே இருந்தேன். ஜோடி எண் பார்த்துப் புது செட் வாங்கச் சொன்னார். பழைய டிஃபரன்ஷியல் கூடு அதற்குப் பொருந்துமா என்றும் முதலிலேயே பார்த்துக்கொண்டார். எண் ஏற ஏறப் பினியன் சிறுக்கும். அதை எட்டிப்பிடிக்கக் கிரவுன் உள்ளே தள்ளி உட்கார வேண்டும். சில ஆக்ஸில்களில் ஓர் எல்லைக்கு மேல் கூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

"பல்லு எண்ணத் தெரியுதுல்ல தம்பி, பல்லு எங்க கடிக்குதுன்னு பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பினியனின் பேரிங்குக்குப் பின்னால் ஷிம் வைத்து ஆழத்தைச் சரிசெய்தார். கிரவுனின் நாலைந்து பல்லில் நீல மை தடவிச் சுற்றவிட்டார். மைத்தடம் பல்லின் நுனிப்பக்கம் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. வேர்ப்பக்கம் விழுந்தால் ரொம்பவும் உள்ளே போயிருக்கிறது. நடுவில் விழ வேண்டும். எங்களுக்கு முதலில் நுனியில் விழுந்தது. கழற்றி ஷிம் கூட்டி மறுபடி மாட்ட, அரை நாள் போயிற்று. மூன்றாம் முறைதான் தடம் நடுவில் வந்தது. பிறகு டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் ஆட்டம் பார்த்தார், 0.18 மி.மீ. 0.15-லிருந்து 0.20 வரை இருக்கலாம் என்பது அந்த ஆக்ஸிலுக்கு உள்ள அளவு. ஒரு காகிதத்தின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! குறைந்தால் சூட்டில் இறுகும், கூடினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பல்லுக்கு அடி விழும்.

எண்ணெய் விஷயம் சின்னதாகத் தெரியும். ஹைப்பாய்ட் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் ஜிஎல்-5 தரத்து ஆயில்தான் ஊற்ற வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பல பெட்டிகளுக்கு அது ஆகாது. முதல் நாள் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி ஆறவிட்டோம். 800 கி.மீ. வரை பாரம் ஏற்றவில்லை. பிறகு ஆயிலை மாற்றினோம். சித்தப்பாவுக்கு அந்த நாட்களில் வருமானம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு வண்டியின் எண் தெரிய வேண்டுமா? ஆக்ஸிலைத் திறக்க வேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை நியூட்ரலில் விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மற்றது தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுவே ஆக்ஸில் எண். நாலு சக்கர இழுவை வண்டியென்றால் முன் ஆக்ஸிலுக்கும் அதே எண் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டித் தரையில் நாலு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றையொன்று முறுக்கி எதையாவது உடைத்துவிடும்.

இப்போது நேர் கியரில் 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 1,940 சுற்று ஓடுகிறது. சின்ன டயரும் 4.10-ம் இருந்த காலத்தில் 1,860. பெரிய டயரோடு பழைய ஆக்ஸில் இருந்தபோது 1,630-க்கு இறங்கியிருந்தது. நான்கு வழிச்சாலையில் அந்த அமைதி போய்விட்டதே என்று சித்தப்பாவுக்கு இன்னமும் குறைதான். ஸ்பீடோமீட்டரும் மாறிவிட்டது. டயர் மாற்றியபோது 60 காட்டினால் உண்மையில் 68-க்கு மேல் போய்க்கொண்டிருந்தார். இப்போது 60-இல் போனால் 62 காட்டுகிறது. கிளட்ச் பிளேட் அப்போது போட்டதேதான் ஓடுகிறது.