"செத்துட்டேம்மா!" - இது என்ன விளையாட்டு?

ராத்திரி பதினொன்றே முக்கால். கோவை கணபதியில் என் தங்கை வீடு. எல்லோரும் படுத்தாயிற்று. திடீரென்று மாடி அறையிலிருந்து "ஐயோ... செத்துட்டேன்!" என்று ஓர் அலறல். தங்கை பதறியடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையின் நடுவே சிவப்பு எழுத்தில் 'யூ டைட்'. அதாவது, நீ செத்துப் போனாய்! "இன்னிக்கு இது முப்பத்தாறாவது தடவைம்மா" என்கிறான். ஏதோ முப்பத்தாறு ரன் அடித்துவிட்டவன் மாதிரி!

தங்கைக்கு அதுகூடப் பெரிசாகப் படவில்லை. போன மாதம் காலையில் காலேஜுக்கு பைக்கில் போகிறபோது, அவினாசி ரோட்டில் கண் சொருகி, முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் பிரேக் அடித்து நின்றிருக்கிறான். அவன் சொல்லவில்லை. கூட வந்த நண்பன் போட்டுக் கொடுத்துவிட்டான். அன்றைக்கே தங்கையின் கணவர் கம்ப்யூட்டரை விற்கிறேன் என்று நின்றார். "அக்கா, நீங்க ஒரு நடை வந்து பாருங்க. இது பைத்தியமா, வியாதியா, எனக்கொண்ணும் புரியமாட்டேங்குது" என்று போனில் தங்கை அழாத குறை.

போனேன். நாலு சாயங்காலம் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேட்டேன், படித்தேன். உங்கள் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு பிள்ளை அலறிக்கொண்டிருக்கலாம் இல்லையா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் விளையாடுவது 'எல்டன் ரிங்'. 2022 பிப்ரவரியில் வந்தது. செய்தவர்கள் டோக்கியோவில் 1986-ல் தொடங்கப்பட்ட ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனிக்காரர்கள். அதன் தலைவர் ஹிடெடாகா மியாசாகி என்பவர்தான் இந்த 'சாகடிக்கிற' வகைக்கே மூலகர்த்தா. 2009-ல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-ல் 'டார்க் சோல்ஸ்', 2015-ல் 'ப்ளட்போர்ன்', 2019-ல் 'செகிரோ' என்று வரிசையாக வந்தன. முதல் விளையாட்டை ஜப்பானுக்கு வெளியே விற்கக்கூட சோனி கம்பெனி தயங்கியது. இத்தனை கஷ்டமானதை யார் வாங்குவார்கள் என்ற கவலை! அமெரிக்காவில் வேறொரு கம்பெனிதான் துணிந்து வெளியிட்டது. அந்த வழியில் வந்த எல்டன் ரிங், 2024 ஜூனுக்குள் உலகம் முழுக்க இரண்டரைக் கோடி பிரதிகள் விற்றுவிட்டது.

தோற்பதற்குக் காசு கொடுக்க இத்தனை பேரா? எனக்கும் முதலில் புரியவில்லை.

விஷயம் இதுதான். ஒரு வீரன். பாழடைந்த ஒரு ராஜ்யம். வழியில் எதிரிகள். அவர்களை வீழ்த்தினால் 'ரூன்' என்று ஒரு செல்வம் சேரும். அதை வைத்துத்தான் வீரனுடைய பலத்தைக் கூட்ட வேண்டும். செத்தால் சேர்த்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால், போனது போனதுதான்! நடுநடுவே 'க்ரேஸ்' என்று ஒளி வீசுகிற இளைப்பாறும் இடங்கள். அங்கே உட்கார்ந்தால் காயம் ஆறும், மருந்துக் குப்பி நிரம்பும். கூடவே, கொன்று போட்ட சாதாரண எதிரிகளும் எழுந்து நிற்பார்கள்! வாழ்க்கையைவிட மோசம் என்றேன் நான். "இல்ல பெரியம்மா, வாழ்க்கையில ரெண்டாவது தடவை குடுக்க மாட்டாங்க" என்றான் அவன்.

சுவாரஸ்யம் எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது 'மார்கிட்' என்ற வில்லன். கோட்டை வாசலில், பாலத்தின்மேல் கம்பை ஊன்றி நிற்கிறான். கம்பை ஓங்குகிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓங்கியவுடனே விலகுவீர்கள். அதுதான் தப்பு! ஓங்கிய கையை அவன் ஒரு கணம் அப்படியே நிறுத்தி வைக்கிறான். நீங்கள் உருண்டு எழுந்திருக்கிற நேரத்துக்குச் சரியாக அடி விழுகிறது. ஓங்குவதைப் பார்த்துப் பயந்தவன் சாகிறான். இறங்கும்வரை காத்திருந்து உருண்டவன் பிழைக்கிறான்.

அந்த மார்கிட்டிடம் இருப்பது ஒரு சில அடவுகள்தான். எதை எப்போது எடுப்பான் என்பது மாறும். ஆனால் ஒவ்வொன்றின் காலக்கணக்கும் மாறவே மாறாது. பத்துத் தடவை செத்தால் ஓர் அடவு பாடமாகிறது, இருபது தடவையில் இன்னொன்று. எதிரியின் உயிர்க்கோடு திரையின் அடியிலேயே தெரிவதால், நேற்று பாதியில் செத்தவன் இன்று முக்கால்வரை போய்விட்டான் என்று கண்ணாலேயே பார்க்க முடிகிறது. தோல்விதான், ஆனால் வளர்கிற தோல்வி! (எல்லாச் சாவும் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். சுவரோரம் மாட்டிக்கொண்டால் காட்சியே தெரியாமல் போகிறது. அதற்கு அவன் கேமராவைத் திட்டுவது நியாயம்தான்.)

ஆன்லைன் ரம்மி மாதிரி சூதாட்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே சீட்டு எப்படி விழும் என்பதில் அதிர்ஷ்டம் புகுந்துகொள்கிறது, பணமும் போகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. இது ஒரு தடவை வாங்குகிற பொருள். 2024-ல் வந்த கூடுதல் பாகத்துக்குத் தனி விலை, அவ்வளவே. முக்கியமாக, இதற்கு ஒரு முடிவு உண்டு. கதையை மட்டும் முடிக்கவே ஐம்பது, அறுபது மணி நேரம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதம். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பதில்தான் வினையே!

பிள்ளையிடம் பேச வேண்டுமானால் ஆட்டத்தின் சூட்சுமம் கொஞ்சம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா "எப்பப் பாரு கேம்" என்றால் காதில் ஏறாது. திரையில் பச்சையாக ஒரு கோடு தெரியும், அது வீரனுடைய தெம்பு. அடித்தாலும் குறையும், உருண்டாலும் குறையும். அது தீர்ந்த நேரத்தில் அடி விழுந்தால் ஆள் காலி. ஆகவே இரண்டு அடி கிடைக்கிற இடத்தில் மூன்றாவது அடிக்கு ஆசைப்படக் கூடாது. பெரும்பாலான சாவுகள் இந்த மூன்றாவது அடியில்தான்! கவசத்தையும் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. தூக்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளுவது மூட்டை உருளுகிற மாதிரி ஆகிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் ரூன் சேர்ந்ததும் கத்திக்கு வலு சேர்க்க ஓடுவார்கள். முதலில் 'விகர்' என்கிற உயிர்பலத்தைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். அடி வாங்கி நின்றால்தானே பாடம் படிக்க முடியும்?

இன்னொன்று. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே, தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் சுற்றிக்கொண்டிருப்பான். புதுசாக வந்தவனை ஒரே வீச்சில் முடித்துவிடுவான். ஏன் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்? சுற்றிக்கொண்டு போ என்று சொல்லத்தான்! இன்றைக்கு முடியாத இடத்தைவிட்டு வேறு திசையில் போய், பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். மார்கிட்டுக்கும் இதே வைத்தியம்தான். நம் பிள்ளையோ ரோஷத்தில் கோட்டை வாசலிலேயே முட்டிக்கொண்டிருந்தான்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னது யார் தெரியுமா? கம்ப்யூட்டரை விற்கப் போன அப்பாவேதான்! அவர் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். மூன்றாம் நாள் காபி டம்ளரோடு கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் கண்ணு, டூல் உடைஞ்சா உடனே அடுத்த டூலை மாட்டி ஓட்டுவியா? ஏன் உடைஞ்சுதுன்னு பார்க்க மாட்டே? நீ செத்த உடனே பட்டனை அமுக்கறே" என்றார். பையன் திரும்பிப் பார்த்தான். பட்டறையில் புதுப் பையன்கள் எத்தனை ஜாபைக் கெடுத்துத்தான் கை பழகுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? அன்று முதல்முறையாக அப்பாவும் பிள்ளையும் சண்டை போடாமல் பத்து நிமிஷம் பேசினார்கள்.

தனியாக அறையில் அடைந்து கிடக்கிறானே என்று தங்கைக்கு ஒரு விசனம். பாதிதான் நிஜம். இந்த விளையாட்டில் மற்ற ஊர்க்காரர்கள் தரையில் எழுதி வைத்த எச்சரிக்கைகள் தெரியும். கஷ்டமான இடத்தில் முகம் தெரியாத ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். மியாசாகிக்கு இந்த யோசனை வந்த கதை அழகு. பனி கொட்டிய ஒரு மேட்டில் கார்கள் ஏற முடியாமல் நின்றபோது, பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்த காரைத் தள்ளி ஏற்றிவிட்டார்களாம். அவர்களைத் திரும்பப் பார்க்கவோ நன்றி சொல்லவோ முடியவில்லை. அந்த உணர்வைத்தான் விளையாட்டில் வைத்தேன் என்றிருக்கிறார். 2022-ல் 'லெட் மி சோலோ ஹர்' என்ற புனைபெயரில் ஒருவர், உடம்பில் கவசம்கூட இல்லாமல், தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு, 'மலேனியா' என்ற மகா வில்லியை வெல்ல முடியாதவர்களுக்கு உதவிக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஆயிரம் தடவைக்கு மேல்! விளையாட்டை வெளியிட்ட கம்பெனி அவருக்கு ஒரு நிஜ வாளையே பரிசாக அனுப்பியது.

சரி, உடம்புக்கு வருவோம். வில்லன் முன்னால் நிற்கும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. கம்ப்யூட்டரை அணைத்த அடுத்த நிமிஷம் தூக்கம் வருமா? வராது. படுத்த பிறகும் மார்கிட் கம்பை ஓங்கிக்கொண்டே இருப்பான். தூக்கம் கெட்ட மூளைக்கோ காத்திருக்கிற நிதானம் போய்விடுகிறது. ஓங்கினவுடனே பட்டனை அமுக்குகிறது. மறுபடி சாவு, மறுபடி கோபம், மறுபடி "இன்னும் ஒரே தடவை". அவினாசி ரோட்டில் கண் சொருகியது இந்தச் சுழலில்தான்.

அவனிடம் நான் பைக்கைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஆராய்ச்சியைச் சொன்னேன். 2002-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாத்யூ வாக்கர் குழுவினர் சிலருக்கு விரல்களால் ஒரு வரிசையில் தட்டப் பழக்கினார்கள். பழகிவிட்டு ராத்திரி தூங்கி எழுந்தவர்களின் வேகம், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே, சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. கை பழகிய வேலையை மூளை தூக்கத்தில்தான் பதியவைத்துக்கொள்கிறது. "அப்படின்னா தூங்கறதும் ஒரு ஸ்ட்ராடஜியா பெரியம்மா?" என்றான். வார்த்தையை அவனே எடுத்துக் கொடுத்தான். நான் சும்மா விடுவேனா?

ஒப்பந்தம் போட்டோம். பத்து மணிக்கு மேல் வில்லன் கிடையாது. ஒரே எதிரியிடம் ஐந்து தடவை தொடர்ந்து செத்தால் எழுந்து மாடியில் ஒரு நடை. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும். திரையையே வெறித்தால் இமைப்பது குறைந்து கண் வறண்டுபோகும். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்றைக்கு லீவு. வலிப்பு வந்த பிள்ளைகள் என்றால், பளிச்சிடும் காட்சிகள் உள்ள எந்த விளையாட்டுக்கும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வயசும் முக்கியம். அமெரிக்காவில் எல்டன் ரிங்குக்குக் கொடுத்திருக்கும் தரம் 17 வயதுக்கு மேல். எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் தாராளமாக 'இல்லை' என்று சொல்லலாம்.

அம்மாக்களுக்கு ஒரு ரகசியம். "சாப்பிட வாடா" என்றால், "நிறுத்த முடியாதும்மா" என்பான். பொய் இல்லை! செகிரோவை நிறுத்தி வைக்கலாம், எல்டன் ரிங்கில் சாதாரணமாக அப்படி ஒரு பட்டன் கிடையாது. ஆனால் சண்டை இல்லாத நேரத்தில் மெனுவுக்குப் போய் வெளியேறினால், நின்ற இடத்திலேயே பத்திரமாக இருக்கும். ஆகவே தோசை கல்லில் இருக்கும்போது கூப்பிடாதீர்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லிவைத்தால் சாக்கு எதுவும் மிச்சமிருக்காது.

எது வியாதி? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' உண்டு. அதிக நேரம் விளையாடுவது மட்டுமே வியாதி ஆகாது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டே முதலிடம் பிடிப்பது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது - இவை படிப்பையும் உறவையும் பாதிக்கும் அளவுக்கு, பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். குளிக்காமல், சாப்பிடாமல், காலேஜுக்குப் போகாமல் கிடக்கிறான் என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிமான்ஸில் இதற்கென்றே 2014-ல் ஒரு கிளினிக் தொடங்கினார்கள்.

தங்கை மகனுக்கு அதுவரை போகவில்லை. பத்து நாள் வேறு திசையில் சுற்றிப் பலம் சேர்த்தான். ராத்திரி தூங்கினான். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு உட்கார்ந்து நாலாவது முயற்சியில் மார்கிட்டைச் சாய்த்துவிட்டான். தூக்கம்தான் காரணமா, சேர்த்த பலமா? சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்னமும் சில வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறதாம். மறுநாள் காலை வண்டிச் சாவி அப்பா சட்டைப் பையில், பையன் டவுன் பஸ்ஸில். கம்ப்யூட்டர் விலை போகவில்லை. "சாப்பிட வர்றியா, இல்லியா?" என்று மாடியைப் பார்த்துக் கத்துவதை என் தங்கை விட்டுவிட்டாள். "எந்த க்ரேஸ்கிட்ட சாமி இருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள்.