'ஒரு துளி விந்து = 40 துளி ரத்தமா?': உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

'சொப்பன ஸ்கலிதமா? நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்!' பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் இந்த நோட்டீஸைப் பார்க்காதவர்கள் குறைவு. கூடவே நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு கணக்கும் சுற்றும்: 'ஒரு துளி விந்து போனா, 40 துளி ரத்தம் போன மாதிரி'. இதை நம்பி பயந்து, வீட்டில் சொல்லவும் முடியாமல், கடன் வாங்கி லேகியம் சாப்பிடும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியா?

விந்தில் என்ன இருக்கிறது?

ஒரு முறை வெளியேறும் விந்தின் அளவு பொதுவாக 1.5 முதல் 5 மில்லி வரை. அதாவது, அதிகபட்சம் ஒரு டீஸ்பூன். இதில் மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பைகள் சுரக்கும் ஃப்ரக்டோஸ் சர்க்கரை கலந்த திரவம். மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. விரைகளிலிருந்து வரும் விந்தணுக்களின் பங்கு 5 சதவிகிதத்துக்கும் குறைவு. அதனால்தான் வாசெக்டமி செய்துகொண்ட பிறகும் விந்தின் அளவில் பெரிய மாற்றம் தெரிவதில்லை.

ரத்தம் உருவாவது எலும்பு மஜ்ஜையில். விந்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. புரதக் கணக்கு பார்த்தாலும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ஒரு முறை வெளியேறும் விந்தில் அரை கிராம்கூட கிடையாது.

எப்படி வெளியேறுகிறது?

இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் 'எமிஷன்'. விரையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் குழாயில் இருக்கும் விந்தணுக்கள், விந்து நாளம் வழியாக மேலேறி, மற்ற திரவங்களோடு சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தில் சேர்கின்றன. அதே நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி இறுக மூடிக்கொள்ளும். சிறுநீர் கலக்காமல், விந்து பின்னோக்கிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. 'இனி அடக்க முடியாது' என்று தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாவது 'எக்ஸ்பல்ஷன்'. இடுப்படித் தசைகள் சுமார் 0.8 விநாடிக்கு ஒரு முறை சுருங்கி, விந்தை வெளியே தள்ளுகின்றன. இரண்டையும் இயக்குவது தண்டுவட நரம்புகள். தூக்கத்தில் இது தானாக நடந்தால், அதுதான் சொப்பன ஸ்கலிதம். இது நோய் அல்ல. பருவமடைந்த உடலின் இயல்பு.

'ஸ்டாக்' தீர்ந்துவிடுமா?

தீராது. விரைகளில் விந்தணு உற்பத்தி நாள்தோறும் நடக்கிறது. ஓர் அணு முழுதாக உருவாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும் என்றாலும், தொழிற்சாலை ஒருநாளும் நிற்பதில்லை. வெளியேறாத விந்தணுக்களை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். சேர்த்து வைத்தால் பலம் கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

அப்போ அந்தச் சோர்வு?

சோர்வு பொய் இல்லை, காரணம்தான் வேறு. உணவு ரத்தமாகி, சதையாகி, எலும்பாகி, கடைசித் தாதுவாக விந்து உருவாகிறது என்பது பழைய ஆயுர்வேதக் கோட்பாடு. 'தாது புஷ்டி' லேகியத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. விந்து போவதால் உடல் கெடுகிறது என்ற பயத்தில் வரும் சோர்வு, பதற்றம், மனச்சோர்வுக்கு, இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் வைத்த பெயரும் 'தாத் சிண்ட்ரோம்' என்பதே. இதற்குத் தேவை லேகியம் அல்ல. சரியான தகவலும் மனநல ஆலோசனையும்.

பாலியல் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. சுவர் நோட்டீஸ்கள் மட்டும் குறைந்தபாடில்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* விந்தில் ரத்தம் தெரிந்தால், வெளியேறும்போது வலி இருந்தால்.
* உச்சம் வந்தும் விந்து வராமலோ மிகக் குறைவாகவோ இருந்து, அடுத்துப் போகும் சிறுநீர் கலங்கலாக இருந்தால். சிறுநீர்ப்பைக் கழுத்து சரியாக மூடாமல் விந்து உள்ளே போயிருக்கலாம். நீண்டகால சர்க்கரை நோய், புராஸ்டேட் அறுவை சிகிச்சை, டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளால் இப்படி ஆகலாம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால், குழந்தைக்கு முயல்பவர்கள் கவனிக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் போக வேண்டியது சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம். அரசு மருத்துவமனையிலும் தயங்காமல் கேட்கலாம். டாக்டருக்கு இது தினமும் கேட்கிற கேள்விதான்.